தண்டவாளத்துக்கு முன்பே மலை இருந்தது: மாடல் ரயில் லேஅவுட், தொடங்குபவர்களுக்கு

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் ரயில் பாதையில் 208 வளைவுகள் உண்டு. அதில் ஒன்றுகூட அழகுக்காகப் போட்டதல்ல. பாறை குறுக்கே நின்ற இடத்தில் பாதை ஒதுங்கியது, பள்ளம் வந்த இடத்தில் பாலம் போட்டார்கள், ஒதுங்கவும் வழியில்லாத இடத்தில் குடைந்தார்கள். நிலம் முதலில் இருந்தது, தண்டவாளம் பிறகு வந்தது.

வீட்டில் மாடல் ரயில் லேஅவுட் கட்டும்போது இந்த வரிசை தலைகீழாகிறது. (லேஅவுட் என்றால் ரயில், பாதை, மண், மரம், கட்டடம் எல்லாம் சேர்ந்த முழு அமைப்பு.) பலகையின் அளவைப் பார்த்து முதலில் தண்டவாளத்தைப் போடுகிறோம், அப்புறம் மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு மலையை வைக்கிறோம். எஞ்சின் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும், சமமான பலகைமேல் காரணமே இல்லாமல் வளைந்து திரும்பும் பாதையைக் கண் நம்புவதில்லை. முதல் லேஅவுட் பலருக்கும் பொம்மைபோல அமைந்துவிடுவது இதனால்தான் என்பது என் எண்ணம். அதனால் தண்டவாளம் போடுவதையும் நிலம் அமைப்பதையும் இரண்டு தனி வேலைகளாகப் பிரிக்காமல் சேர்த்தே இங்கே சொல்கிறேன். உதாரணத்துக்கு நீலகிரி மலை ரயிலின் கல்லாறு, குன்னூர் பக்கத்துச் சரிவை எடுத்துக்கொள்வோம்.

அளவும் அகலமும்

உலகில் அதிகம் பேர் கட்டுவது எச்.ஓ. அளவில். நிஜப் பொருளை 87-ல் ஒரு பங்காகச் சுருக்குவது இது. ஆறடி மனிதர் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நிற்பார். இந்த அளவில் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓடும் 1,435 மில்லிமீட்டர் பாதையைச் சுருக்கினால் இது கிடைக்கும். இதைவிடச் சின்னது வேண்டுமென்றால் ‘என்’ (N) என்ற அளவு இருக்கிறது: 160-ல் ஒரு பங்கு, 9 மில்லிமீட்டர் பாதை. இடம் குறைவாக இருப்பவர்களுக்கு அது நல்லது. ஆனால் கை பழகாதவர்களுக்கு எச்.ஓ.வையே பரிந்துரைப்பேன். ஒரு பெட்டி தடம் புரண்டால் ஏன் புரண்டது என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியும்.

நம் ஊர் ரயிலைக் கட்ட நினைப்பவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்திய அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். எச்.ஓ.வில் அது 19 மில்லிமீட்டருக்கு மேல் வர வேண்டும். கடையில் கிடைப்பதோ 16.5. நீலகிரி பாதை மீட்டர் கேஜ்; அது பதினொன்றரை மில்லிமீட்டர் வரும், அதற்கு 12 மில்லிமீட்டர் பாதை தனியாக விற்கிறார்கள், ஆனால் தேடி வாங்க வேண்டும். முதல் லேஅவுட்டில் இந்தச் சில மில்லிமீட்டருக்காகக் கவலைப்பட வேண்டாம். 16.5 பாதையில் தொடங்குங்கள். பார்ப்பவர்களின் கண்ணில் இந்த அகலத்தை விட ஜல்லியின் நிறமும் பாறையின் சாய்வும்தான் முதலில் படும்.

இன்னொரு கணக்கு. எச்.ஓ.வில் ஒரு கிலோமீட்டர் என்பது பதினொன்றரை மீட்டர். மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை உள்ள 46 கிலோமீட்டரை அப்படியே கட்டினால் ஐந்நூறு மீட்டருக்கு மேல் நீளும். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 2001-ல் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்டில் சுவிட்சர்லாந்து மலைப் பகுதி இரண்டு தளங்களின் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. அங்கேகூட நிஜத்தின் ஒரு சின்னத் துண்டைத்தான் காட்ட முடிகிறது. ஆக, எதை விடுவது என்பதுதான் முதல் முடிவு. ஒரு பாலம், ஒரு குகை, பாறையைச் செதுக்கி எடுத்த ஒரு விளிம்பு, ஒரு சின்ன நிலையம். எட்டுக்கு நான்கடிப் பலகையில் இவ்வளவு வைத்தாலே நிறைவாக இருக்கும்.

முதலில் ஓடையை வரையுங்கள்

பெரிய காகிதத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பலகையை வரைந்துகொள்ளுங்கள். பெரும்பாலோர் உடனே நீள்வட்டமாகத் தண்டவாளத்தை வரைந்துவிடுவார்கள். நான் சொல்வது, அதற்கு முன் ஒரு ஓடையை வரையுங்கள் என்று. பலகையின் பின்மூலையில் தொடங்கி முன்பக்கம் இறங்கும்படி, சற்றுக் கோணலாக. பிறகு அதன் இரண்டு பக்கமும் மலை முகடுகளைக் கோடு போட்டுக் காட்டுங்கள். இப்போது பாதையை வரைந்தால், ஓடையைக் கடக்கும் இடத்தில் பாலம் தானாக அமையும், முகடு நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் வளைவுக்கோ குகைக்கோ காரணம் கிடைக்கும்.

வளைவு எவ்வளவு நெருக்கமாக இருக்கலாம் என்பதைப் பெட்டியின் நீளம் தீர்மானிக்கிறது. வளைவின் ஆரம், நீங்கள் ஓட்டப்போகும் மிக நீளமான பெட்டியைப் போல மூன்று மடங்காவது இருந்தால் நன்றாக ஓடும். இன்று ஓடும் எல்.எச்.பி. என்ற நீளமான பயணிகள் பெட்டி சுமார் 23.5 மீட்டர், எச்.ஓ.வில் 27 சென்டிமீட்டர். அதற்கு 80 சென்டிமீட்டர் ஆரம் வேண்டும். எட்டுக்கு நான்கடிப் பலகையின் அகலமே 122 சென்டிமீட்டர் என்பதால் அங்கே 45 முதல் 55 சென்டிமீட்டர் ஆரம்தான் முடியும். எனவே குட்டையான பெட்டிகளும் சின்ன எஞ்சினும் ஓடும் மலைப்பாதையைத் தேர்ந்தெடுப்பது இந்தப் பலகைக்குப் பொருத்தம்.

நேர்ப்பாதையிலிருந்து வளைவுக்குள் சட்டென்று நுழையக் கூடாது. நிஜ ரயில்வேயிலும் நடுவில் மெல்ல மெல்ல வளையும் ஒரு துண்டு இருக்கும். அதை வரைய கணிதம் வேண்டாம். மெல்லிய மரச்சட்டம் ஒன்றின் ஒரு பாதியை நேர்க்கோட்டில் பிடித்துக்கொண்டு மறுபாதியை வளைவை நோக்கித் தள்ளினால், சட்டமே சரியான வளைவை எடுத்துக்கொள்ளும். அதை ஒட்டிப் பென்சிலால் கோடு போடுங்கள்.

பாதையை ஏற்றாதீர்கள், நிலத்தை இறக்குங்கள்

நிஜ நீலகிரி ரயில் பல்சக்கரத்தின் உதவியால் சுமார் 8 சதவீத ஏற்றத்தில் ஏறுகிறது. அதாவது 12 மீட்டருக்கு ஒரு மீட்டர். சாதாரண எச்.ஓ. எஞ்சினால் அது முடியாது. 2 சதவீதம், அதாவது ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் என்றால் சிரமமில்லாமல் ஏறும். 3 சதவீதத்தில் இழுக்கும் பெட்டிகளின் எண்ணிக்கை குறைந்துவிடும். அந்த ஏற்றம் வளைவிலும் இருந்தால் இன்னும் குறையும். ஒரு பாதை மற்றொன்றின் மேல் கடந்துபோக ஒன்பது, பத்து சென்டிமீட்டர் உயரம் வேண்டும். 2 சதவீத ஏற்றத்தில் அதற்கே ஐந்து மீட்டர் பாதை செலவாகிவிடும். சின்னப் பலகையில் கட்டுப்படியாகாது.

அப்படியானால் மலைப்பாதை என்ற உணர்வு எப்படி வரும்? பாதையைக் கிட்டத்தட்ட சமமாகவே விட்டுவிட்டு அதன் ஓரத்தில் நிலத்தைக் கீழே இறக்க வேண்டும். கல்லாறைத் தாண்டியதும் ரயிலின் ஒரு பக்கம் செதுக்கிய பாறைச்சுவர் இருக்கும், மறுபக்கம் பள்ளத்தாக்கு. பார்ப்பவருக்கு உயரத்தைச் சொல்வது அந்தப் பள்ளம்தான். ஓடையைச் செங்குத்தாக இறக்கி, பாதையைக் கண் மட்டத்துக்கு அருகில் வைத்தால், ஒரு சென்டிமீட்டர்கூட ஏறாத ரயில் மலையேறுவதுபோலத் தெரியும். சரிவில் நிற்கும் மரங்கள் சரிவுக்குச் செங்குத்தாக இல்லாமல் நேராக வானத்தைப் பார்த்து நிற்க வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால் சரிவே தெரியாமல் போய்விடும்.

இதற்காகத்தான் ஒரே பலகையை மேசைபோல வைத்து அதன்மேல் கட்டாதீர்கள் என்கிறேன். மரச்சட்டங்களால் கட்டம் கட்டமாக ஒரு திறந்த சட்டகம் செய்யுங்கள். பாதை போகும் இடத்துக்கு மட்டும் 12 மில்லிமீட்டர் பிளைவுட்டை பட்டையாக வெட்டி, சின்னக் கட்டைகளால் சட்டகத்துக்கு மேல் தூக்கி நிறுத்துங்கள். பட்டைக்குக் கீழே வெறும் காற்று. அங்கேதான் பள்ளத்தாக்கு வரப்போகிறது. அமெரிக்காவின் மான்டரேயில் ஜான் ஆலன் 1973-ல் இறக்கும் வரை கட்டிவந்த லேஅவுட் இன்றும் பேசப்படுவதற்கு, அவருடைய மலைகள் பாதைக்குக் கீழேயும் தரைவரை இறங்கியது ஒரு காரணம்.

சட்டகத்தின் அகலத்தையும் கவனியுங்கள். கை எட்டும் தூரம் 75 சென்டிமீட்டர்தான். அதற்கு அப்பால் எதையாவது வைத்தால் தடம் புரண்ட பெட்டியை எடுக்கப் போய் முன்னாலிருக்கும் மரத்தை எல்லாம் சாய்த்துவிடுவோம்.

தண்டவாளம் போடுதல்

இந்த வேலையில் அவசரமே கூடாது. நிலத்தில் ஒரு பாறை கோணலாகப் போனால் அதுவும் பாறைதான். தண்டவாளத்தில் அரை மில்லிமீட்டர் பிசகினால் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் ரயில் தடுக்கும். அதன்மேல் ஜல்லியும் மண்ணும் ஒட்டிவிட்ட பிறகு திருத்துவது மிகவும் கஷ்டம்.

பிளைவுட்டின் மேல், கீழ், ஓரம் என்று எல்லாப் பக்கமும் பெயிண்ட் அடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் மரம் ஈரத்தை இழுத்து ஊதும், கோடையில் சுருங்கும். பாதை நெளிவதற்கு வெயிலைவிட இதுவே பெரும்பாலும் காரணம். அதன்மேல் 5 மில்லிமீட்டர் கார்க் பட்டையை ஃபெவிகாலால் ஒட்டி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்குங்கள். கார்க் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும். அதைவிட முக்கியமாக, நிஜப் பாதையில் ஜல்லி மேடாகக் குவிந்திருப்பதுபோல உயர்த்திக் காட்டும்.

தண்டவாளம் இரண்டு வகையில் கிடைக்கிறது. நிலையான வளைவும் நீளமும் கொண்ட துண்டுகள் ஒன்று. சுமார் 91 சென்டிமீட்டர் நீளத்தில், விருப்பப்படி வளைக்கக்கூடிய ஃபிளெக்ஸ் டிராக் இன்னொன்று. நிலத்துக்கேற்ற பாதை வேண்டுமென்றால் இரண்டாவதுதான் சரி. கோட் 100, கோட் 83 என்று போட்டிருப்பது தண்டவாளத்தின் உயரம், அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு. கோட் 83 பார்க்க நிஜத்துக்கு அருகில் இருக்கும். கோட் 100 தடிமனானது, கை பழகும் வரை அது பரவாயில்லை. பித்தளைத் தண்டவாளம் விலை குறைவென்று வாங்காதீர்கள். அதன்மேல் படியும் களிம்பு மின்சாரத்தைத் தடுக்கும், அடிக்கடி துடைக்க வேண்டிவரும். நிக்கல் சில்வர் என்று விற்பதை வாங்குங்கள்.

ஃபிளெக்ஸ் டிராக்கை வளைத்ததும் உள்பக்கத் தண்டவாளம் வெளியே நீட்டிக்கொண்டு வரும். அதை அளவாக வெட்டி, வெட்டிய முனையைச் சின்ன அரத்தால் ராவி மழுங்கச் செய்யுங்கள். வளைவின் நடுவில் இரண்டு துண்டுகள் சேர நேர்ந்தால், வளைத்த பிறகு சேர்க்காதீர்கள். சேரும் இடத்தில் மூக்குபோல ஒரு முனை துருத்திக்கொள்ளும். இரண்டையும் நேராக வைத்து, ஜாயினரை (இரு தண்டவாள முனைகளை இணைக்கும் சின்ன உலோகத் துண்டு) செருகி, ஈயம் வைத்துப் பற்றவைத்துவிட்டு, ஒரே துண்டாக்கி, அப்புறம் வளையுங்கள். முதல் லேஅவுட்டில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

நேர்ப்பாதை இணைப்புகளில் ஈயம் வைக்காமல் கடுகளவு இடைவெளி விடுங்கள். வெப்பம் 20 டிகிரி ஏறினால் ஒரு மீட்டர் தண்டவாளம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளும். மார்கழிக் குளிரில் நெருக்கிப் போட்ட பாதை சித்திரையில் எங்கே போகும்? பக்கவாட்டில்தான் பிதுங்கும். கோடையில் போடுபவர்கள் இடைவெளியைக் குறைத்துக்கொள்ளலாம்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக. இரண்டு தண்டவாளங்களும்தான் எஞ்சினுக்கு மின்கம்பிகள். ஜாயினர் வழியாகவே மின்சாரம் முழுத் தூரமும் போய்விடும் என்று நம்ப வேண்டாம். பலகைக்கு அடியில் தடிமனான இரண்டு கம்பிகளை லேஅவுட்டைச் சுற்றி ஓட்டி, ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் மெல்லிய கம்பியால் இணைப்பு கொடுங்கள். இடது தண்டவாளத்துக்கு ஒரு நிறம், வலதுக்கு ஒரு நிறம். போன பாதையே வளைந்து திரும்பித் தன்னோடு சேரும் அமைப்பு வேண்டாம். அங்கே இடது தண்டவாளம் வலதைத் தொட்டு ஷார்ட் ஆகும். அதற்குத் தனி இணைப்பு உண்டு, பிறகு கற்றுக்கொள்ளலாம்.

பாதை பிரியும் இடத்தில் வரும் பாயிண்ட்ஸை பசையால் ஒட்டாமல் ஆணியால் மட்டும் நிறுத்துங்கள். பழுதானால் கழற்ற வேண்டியிருக்கும். குகைக்குள்ளும், ஏற்றம் தொடங்கும் இடத்திலும் பாயிண்ட்ஸ் வேண்டவே வேண்டாம்.

எல்லாம் போட்டு முடித்ததும் கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுபோய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பாருங்கள். மேலிருந்து தெரியாத நெளிவெல்லாம் அப்போது தெரியும். பிறகு உங்களிடம் உள்ள மிக நீளமான ரயிலைப் பின்னோக்கி ஓட்டுங்கள். இழுக்கும்போது சும்மா இருக்கும் பெட்டி, தள்ளும்போது பாதையின் ஒவ்வொரு குறையையும் காட்டிக்கொடுக்கும். ஒரு வாரமாவது இப்படி ஓட்டிப் பார்க்காமல் மண்ணைத் தொடாதீர்கள்.

மலை எழுப்புதல்

அட்டைப்பெட்டியை இரண்டு விரல் அகலப் பட்டைகளாக வெட்டி, பாதையின் விளிம்பிலிருந்து சட்டகம் வரை குறுக்கும் நெடுக்குமாக, கூடை முடைவதுபோலப் பின்னி ஒட்டுங்கள். இதன்மேல் போர்த்துவதற்கு வெளிநாட்டுப் பொருள் எதையும் தேட வேண்டாம். மருந்துக்கடையில் மாவுக்கட்டுத் துணி கிடைக்கும். கைகால் முறிந்தால் போடுவார்களே, அதேதான். துண்டு துண்டாக வெட்டித் தண்ணீரில் நனைத்து, ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி இரண்டு அடுக்கு போட்டால், காய்ந்ததும் ஓடுபோல இறுகிவிடும். அதற்குமுன் தண்டவாளத்தைக் காகிதமும் டேப்பும் போட்டு மூடிவிடுங்கள்.

பாறைக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்துப் பூசி, பாதி இறுகியிருக்கும்போது கத்தியால் கீற வேண்டும். அது சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் பூசிச் செதுக்கிவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். என்ன மாதிரிப் பாறை என்று தெரிந்து செதுக்குவது முக்கியம். நீலகிரி மலை சார்னோகைட் என்ற கடினமான பாறையால் ஆனது. உடைத்த முகம் நீலம் கலந்த சாம்பல், வெயில் மழை பட்ட முகம் கருத்தும் பழுப்பேறியும் இருக்கும், விளிம்புகள் உருண்டிருக்கும். ஆகவே பாதை போட வெட்டிய சுவரில் கூர்மையான கீறல்கள், மேலே தானாகக் கிடக்கும் பாறையில் வழவழப்பு. இந்த வேறுபாட்டைக் காட்டிவிட்டால் மனிதன் வெட்டிய இடம் எது, மலையின் பழைய தோல் எது என்று பார்த்ததும் புரியும்.

நிறத்தை ஒரே பூச்சில் ஏற்றக் கூடாது. மிகவும் நீர்த்த சாம்பல், நீர்த்த பழுப்பு என்று அங்கங்கே ஒற்றிவிட்டு, கடைசியில் கறுப்பை நிறையத் தண்ணீரில் கலந்து மேலிருந்து வழியவிடுங்கள். அது பிளவுகளில் போய்த் தங்கும். காய்ந்ததும், கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையில் வெளிர் சாம்பலைத் தொட்டு மேட்டுப் பகுதிகளை மட்டும் லேசாக வருடுங்கள். பாறைக்கு உருவம் வருவது இந்தக் கடைசி வருடலில்தான்.

ஜல்லியும் மண்ணும்

ஜல்லி போடுவதற்குமுன் தண்டவாளத்தின் பக்கவாட்டில் துருப்பிடித்த பழுப்பு நிறம் அடியுங்கள். மேல் முகத்தில் பட்ட பெயிண்ட்டை காய்வதற்குள் துடைத்துவிட வேண்டும். பளபளக்கும் பக்கங்களோடு இருக்கும் தண்டவாளம் நிஜத்தைவிடத் தடிமனாகத் தெரியும். இந்த ஒரு பூச்சில் அது மெலிந்துவிடும்.

நிஜ ஜல்லியில் 5 சென்டிமீட்டர் கல் இருக்கிறது என்றால், எச்.ஓ.வில் அது அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். மாவு சலிக்கும் சல்லடையும் ரவை சலிக்கும் சல்லடையும் இருந்தால், கட்டுமான மணலிலிருந்தே இந்த அளவைப் பிரித்தெடுக்கலாம். ஆனால் எந்த மணலானாலும் ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி அதற்குள் நன்றாக ஓட்டுங்கள். கடலோர மணல் என்றால் கட்டாயம். கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரைகளில் கறுப்பாகத் தெரியும் மணலில் இரும்பு கலந்த தாதுக்கள் அதிகம். அந்தத் துகள்கள் எஞ்சினின் மோட்டாரில் உள்ள காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டால் மோட்டார் கெட்டுவிடும்.

ஜல்லியைக் கரண்டியால் தூவி, மெல்லிய தூரிகையால் சிலீப்பர் கட்டைகளுக்கு நடுவே தள்ளுங்கள். கட்டையின் மேலும் தண்டவாளத்தின் உள்பக்கத்திலும் ஒரு கல்கூட நிற்கக் கூடாது. சக்கரத்தின் விளிம்பு அங்கேதான் ஓடும். பிறகு தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு கலந்து, புகைபோலத் தெளித்து நனையுங்கள். இப்படிச் செய்யாவிட்டால் பசை உள்ளே இறங்காமல் உருண்டு நிற்கும். ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, ஊசியில்லாத சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பாயிண்ட்ஸின் அசையும் பாகத்துக்கு அருகில் பசை போகவே கூடாது. ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும்.

மண்ணும் இதே முறைதான். மலைச்சரிவில் வெட்டுப்பட்ட இடங்களுக்குச் செம்மண் பொருந்தும். வெயிலில் நன்றாகக் காயவைத்துச் சலித்துப் பயன்படுத்துங்கள். பசை காய்ந்த பிறகு மண் கொஞ்சம் கருத்துவிடும், அதனால் வேண்டியதைவிட வெளிறிய மண்ணாக எடுங்கள்.

செடிகொடிகளைப் பொறுத்தவரை கடையில் கிடைக்கும் பச்சை எல்லாமே அளவுக்கு மீறிப் பளிச்சென்று இருக்கும். மஞ்சளும் பழுப்பும் கலக்காமல் எதையும் போடாதீர்கள். கல்லாறு பக்கம் என்றால் பாக்குத் தோப்பு, மேலே அடர்ந்த சோலை, குன்னூரை நெருங்கினால் தேயிலை, அதற்கும் மேலே தைல மரம் என்று உயரத்துக்கு ஏற்ப மாறும். சின்ன லேஅவுட்டில் இதில் ஒன்றை மட்டும் எடுங்கள். தேயிலைக்கு, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை மேல்பக்கம் தட்டையாக இருக்கும்படி கத்தரித்து, நடுவில் பறிப்பவர்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதை விட்டு, சரிவின் வளைவுக்கு இணையாக வரிசை பிடியுங்கள். உயரமான புல்லுக்குத் தேங்காய் நார் போதும். பாக்கு மரத்துக்குக் கம்பியும் காகிதமும் போதும். 15 மீட்டர் மரம் என்றால் 17 சென்டிமீட்டர். நாற்பது மீட்டர் தைல மரத்தைக் கணக்குப்படி வைத்தால் மலையே சின்னதாகிவிடும், அதனால் பாதியாக்கிக்கொள்ளலாம். பெரிய மரங்கள் முன்னால், சின்னவை பின்னால் இருந்தால் தூரம் கூடியதுபோலத் தெரியும். பின்சுவரில் வரையும் மலைகள் தூரம் போகப் போக நீலமாக வெளிற வேண்டும்.

குகைக்கு ஒரு எச்சரிக்கை. மலையின் பின்பக்கத்தை மூடாமல், கை நுழையும் அளவுக்குத் திறந்தே வையுங்கள். ரயில் எங்கே தடம் புரண்டால் எடுப்பது கஷ்டமோ அங்கேதான் புரளும். வாசலுக்கு உள்ளே கொஞ்ச தூரம் வரை சுவருக்குக் கறுப்பு அடித்தால் ஆழம் வந்துவிடும்.

எல்லாம் காய்ந்ததும், எஞ்சினை வைப்பதற்குமுன், ஒட்டாத கற்களை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். குழாயின் வாயில் பழைய துணி ஒன்றைக் கட்டிக்கொண்டால் நல்ல ஜல்லியைத் திரும்பப் பயன்படுத்தலாம். பசை படிந்த தண்டவாளத்தின் மேல் முகத்தை ஐசோப்ரோபில் ஆல்கஹாலில் நனைத்த பருத்தித் துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், அந்தக் கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும். முதலில் ஒரு காலிப் பெட்டியைக் கையால் தள்ளி முழுச் சுற்றும் போய்வாருங்கள். சக்கரம் எங்காவது தட்டினால் அங்கே ஒரு ஜல்லிக்கல் ஒட்டியிருக்கும், கத்தி முனையால் எடுத்துவிடலாம். அப்புறம் எஞ்சினை மட்டும் மெதுவாக ஓட்டுங்கள், பிறகு பெட்டிகளைச் சேருங்கள். நீலகிரி மலை ரயில் என்பதால் எஞ்சினைக் கீழ்முனையில், ரயிலின் பின்னால் வையுங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை அது பெட்டிகளைத் தள்ளிக்கொண்டுதான் ஏறுகிறது.